சார்ஜரில் பச்சை எரிகிறது

என் ராசாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அடுத்த வரியில் நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். அந்த வரி எனக்குக் கை வரவில்லை, அதனால் அதைத் தாண்டிப் போகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடுதாசி எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டின் அகலம் உனக்குத் தெரியும். அடுப்படியில் நின்று குசுகுசுத்தாலும் கட்டிலில் கிடக்கிற உன் அப்பாவுக்குக் கேட்டுவிடும். மூச்சுத்தான் அவரை விட்டுப் போகிறதே தவிர காது பாம்புக் காதாகவே இருக்கிறது. அதனால் இதை வீட்டில் வைத்து எழுதவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில், கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த பால்கோவாக் கடையின் பின்கட்டில், அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்குச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்ப வந்தேன். மதியத்துக்கு மேல் வாங்க என்று சிலிண்டர் கடைக்காரன் சொல்லிவிட்டான். மார்கழி மாதம், கோயிலுக்கு வந்த கூட்டமெல்லாம் கடையில் நிற்கிறது. முதலாளியம்மா ஒரு முக்காலியையும், பால்கோவா மடிக்கிற தாளில் நாலைந்தையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். எழுதி முடித்தால் உன் அத்தை போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாள். அவள்தான் இப்போது ராஜபாளையத்தில் உன் அப்பாவுக்குக் காவல் இருக்கிறாள்.

பங்குனியில் நீ லீவுக்கு வந்ததை நினைத்துப் பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் சென்ட் பாட்டிலும் போர்வையும் கொண்டு வருவார்கள். நீ செங்கல் கனத்தில் ஒரு இரும்புப் பெட்டியைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தாய். நீ கரண்டு வேலை பார்க்கிற படகுகளில் பேட்டரி சார்ஜ் பண்ணுகிற பெட்டி என்று சொன்னாய். உன் அப்பாவுக்கு அப்போதே ஆக்சிஜன் மெஷின் வந்துவிட்டது, மூக்கில் குழாய், ஆனாலும் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. "ஏலே, ராசபாளையத்துல கடல் எங்கலே கெடக்கு? சஞ்சீவி மலையச் சுத்தி கப்பல் விடப் போறியா?" என்று கேட்டார். நீ சிரிக்கவில்லை. "படகு மாசக்கணக்கா கரையில கட்டிக் கெடக்கும்ப்பா. கெடக்கையிலயும் பேட்டரி உசுரோட இருக்கணும். அதுக்குன்னு உள்ள சார்ஜருப்பா இது" என்றாய். "அப்ப எனக்குச் சரிதான். நானும் கரையிலதான கட்டிக் கெடக்கேன்" என்றார். நீ சட்டென்று எழுந்து பின்நடைக்குப் போய் ஆணி அடிக்க ஆரம்பித்தாய். அன்றைக்கு நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லையே என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

பின்நடையில் மூன்று பேட்டரியை வரிசையாக வைத்தாய். சத்தம் பொறுக்காது என்று ஆக்சிஜன் மெஷினையும் அங்கேயே வைத்து, குழாயை மட்டும் கட்டில்வரை நீட்டினாய். கரண்டு நின்றால் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் அந்த ஆக்சிஜன் மெஷினை ஓட்டும், கரண்டு வந்ததும் உன் சார்ஜர் பேட்டரியை நிரப்பும். எனக்குப் புரிய வேண்டுமே என்று நீ பட்ட பாடு. கடைசியில் நான்தான் உனக்குப் பால்கோவாக் கணக்கில் சொன்னேன். இதோ, எதிரே அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. முதலில் முந்திரி ஓட்டை அள்ளிப் போட்டு முழுத் தீயாக எரிப்பார்கள், பால் கொதிக்கிறவரை ஈவு இரக்கமே கிடையாது. அது உன் சார்ஜரில் எரிகிற சிவப்பு விளக்கு. காலியான பேட்டரிக்குள் தள்ள முடிந்த கரண்டையெல்லாம் தள்ளும், வோல்ட் ஏறிக்கொண்டே போகும். கொதி வந்த பிறகு தீயை இழுத்து, பொங்கவும் விடாமல் அடங்கவும் விடாமல் அதே கொதியில் பிடித்து நிறுத்திக் கிண்டுவார்கள். அது மஞ்சள் விளக்கு. வோல்ட் அப்படியே நிற்கும், பேட்டரி நிறைய நிறையக் கரண்டு தானாகக் குறையும். இறுகிய பிறகு கங்கு மேல் சும்மா சூடு ஆறாமல் வைப்பார்கள். அது பச்சை. நிறைந்த பேட்டரி தானாக இறங்கிவிடாதபடி கொஞ்சமே கொஞ்சம் கொடுத்துக் காத்துக் கிடக்கும். "எம்மா, நீ இஞ்சினியருக்குப் படிச்சிருக்கணும்" என்றாய். படிக்க வைத்திருந்தால் படித்திருப்பேன், அது வேறு கதை.

மூன்று பேட்டரிக்கும் மூன்று தனி ஒயர், மூன்று தனி விளக்கு, ஒன்று கெட்டாலும் மற்றதை இழுத்துக்கொண்டு போகாது என்றாய். பேட்டரி சூடாக இருந்தால் கொடுப்பதைக் குறைக்க வேண்டும், குளிர்ந்திருந்தால் கூட்ட வேண்டும், அதைப் பார்த்துச் சொல்ல நடுப் பேட்டரியின் விலாவில் ஒரு கறுப்பு ஒயர் நுனியை ஒட்டினாய். "இதுதாம்மா சார்ஜருக்குக் கை. தொட்டுப் பாத்துக் குடுக்கும்" என்றாய். இன்னும் ஒன்று சொன்னாய். பேட்டரி மந்தமாகிவிட்டால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து வேண்டுமென்றே அளவுக்கு மேல் கொதிக்க விடலாம், உள்ளே படிந்த உப்பு கொஞ்சம் கரையும், ஆனால் வாயு வரும், ஆள் இருக்கும்போது செய்யாதே என்றாய். எல்லாம் எனக்கு மனப்பாடம். நீ சொல்லிக்கொடுத்ததில் ஒன்றையும் நான் மறக்கவில்லை.

வெளிநாடு திரும்பிய பிறகு நீ போன் பண்ணினால் முதல் கேள்வி என்ன தெரியுமா? "எம்மா, பச்சையா?" சாப்பிட்டியா என்பதுகூட அதற்குப் பிறகுதான். நான் நடைக்குப் போய்ப் பார்த்து, "பச்சைப்பா" என்பேன். உன் குரல் உடனே லேசாகிவிடும். பிறகு வீடியோவில் அப்பாவின் விரலைக் காட்டச் சொல்வாய். விரலில் மாட்டுகிற அந்தக் கருவியில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்று நாலோ என்னவோ தெரியும். "சூப்பருப்பா" என்பாய். அவரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. எனக்கு உன் மேல் கோபம், ராசா. ஒளித்து வைத்து என்ன பண்ண? பெற்ற அப்பனிடம் விரலைக் காட்டு என்கிறாயே தவிர வாயைத் திறந்து பேசு என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. பயத்தில்தான் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பயந்தவனிடம் எம்புட்டு நேரம் கோபப்பட முடியும்?

உன்னைக் கடல் பக்கம் தள்ளிவிட்டவரே அவர்தான். நம் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்பன் வேலை பார்த்த மில்லுக்குள்ளேயே போனபோது, "இவன் அந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்கப்படாது" என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் நின்றது புளோ ரூமில். பஞ்சு பேலை உடைத்து உதறுகிற முதல் இடம் அது, தூசிக்குள் எதிரே நிற்கிற ஆள் தெரியமாட்டான். இமையிலும் காது மயிரிலும் பஞ்சோடு வீட்டுக்கு வருவார், நீ தாத்தா வந்துட்டாரு என்று கத்துவாய். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் உன்னை உள்ளே கூட்டிப்போவார். ஆயுத பூசை அன்றைக்கு எல்லா மெஷினும் நின்றுவிடும், தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள், தூசி இருக்காது. ஆனாலும் துண்டை நனைத்து உன் மூக்கைச் சுற்றிக் கட்டித்தான் தூக்கிப் போவார். அவர் இடுப்பில் இருந்தபடி நீ மெஷினுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பாய். பொரிகடலை கையில் விழுந்ததும் உன்னை வெளியே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடுவார். மற்றப் பிள்ளைகள் உள்ளே ஓடி விளையாடும், உன்னை மட்டும் விடமாட்டார், நீ அழுவாய். அந்த மனிதருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தன் மூக்கில் மட்டும் துண்டைக் கட்டாமல் விட்டுவிட்டார், கட்டினால் மூச்சு முட்டுதுட்டி என்பார்.

இந்த வருஷ ஆயுத பூசைக்கு என்ன நடந்தது என்பதை நீ கேட்டாக வேண்டும். காலையிலேயே, "அந்த மெஷினுக்கும் சார்ஜருக்கும் இன்னைக்கு லீவு குடு" என்று ஆரம்பித்துவிட்டார். நான் மாட்டேன் என்றேன். "ஏட்டி, ஓடி ஓடி என்னைய உசுரோட வச்சிருக்கு. ஒரு பொட்டு வைக்கப்படாதா? அவன் இங்க இல்லல்லா, அவனுக்குப் பதிலா நான் வைக்கேன்" என்றார். சிலிண்டரை மாட்டி, நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடையில் நாற்காலியில் உட்கார வைத்தோம். மெஷினை நிறுத்தியதும் வீடு அப்படியே அமைதியாகிவிட்டது. ஈரத் துணியால் மூன்று பேட்டரியையும் துடைத்தார். ஒரு பேட்டரிக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். நடுப் பேட்டரியில் சந்தனம் வைக்க அந்தக் கறுப்பு ஒயர் இடைஞ்சலாக இருக்கிறது என்று நுனியைப் பிய்த்து ஓரமாக விட்டார். உன் சார்ஜருக்குச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தடவினார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நாங்கள் மூன்று பேரும் பொரி தின்றோம். பிறகு மெஷினை ஓட்டி, அவரைக் கட்டிலில் விட்டு, நான் நடையைக் கூட்டினேன். அந்த ஒயரைத் திரும்ப ஒட்ட வேண்டும் என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

ஒயர் நுனி எங்கே போய்த் தொங்கியது தெரியுமா? ஆக்சிஜன் மெஷினின் முதுகில், வெப்பக்காற்று வெளியே வருகிற துவாரத்துக்கு நேரே. நீ வைத்த கை அனலில் கிடந்தது. பேட்டரி கொதிக்கிறது போலிருக்கிறது என்று சார்ஜர் நினைத்துக்கொண்டு அன்றிலிருந்து வயிற்றைக் கட்டிக் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு எத்தனை தடவை கரண்டு போய்ப் போய் வந்தது! ஒவ்வொரு தடவையும் பேட்டரி இறங்கியது முழுசாக, ஏறியது அரையும் குறையுமாக. ஆனால் பச்சை மட்டும் எரிந்தது. முன்னைவிடச் சீக்கிரமாகவே எரிந்தது. நானும் பெருமையாக உன்னிடம், "இப்பல்லாம் சுருக்கப் பச்சை வந்திருதுப்பா" என்று சொன்னேன். நீயும் சந்தோஷப்பட்டாய்.

கார்த்திகையில் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்டை நிறுத்தினார்கள். வழக்கமாக மூன்று பேட்டரியும் சாயங்காலம்வரை தாங்கும், மிச்சமும் இருக்கும். அன்றைக்கு நான் உலை வைத்திருக்கிறேன், சோறு பொங்குமுன் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. செத்த நேரத்தில் மெஷினும் நின்றது. சிலிண்டரை மாட்டினேன். பூசை அன்றைக்குச் செலவழித்ததை நிரப்பவில்லை, ராசா, அது என் அசட்டை. மதியம் கழிந்து கொஞ்ச நேரத்தில் அதுவும் தீர்ந்தது. அத்தை ஆட்டோ பிடித்து வேறு சிலிண்டர் தேடி ஓடினாள். நான் தலையணையை மடியில் வைத்து, அவரை அதன்மேல் கவிழ்த்துச் சாய்த்துக்கொண்டு, முறத்தால் விசிறினேன். உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி ஆகிவிட்டது. பேச்சு வரவில்லை, என் சேலையைப் பிடித்தார், முந்தானையை அல்ல, கொசுவத்தைப் பிடித்தார், விழப்போகிற பிள்ளை பிடிக்கிற மாதிரி. நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. கரண்டே வா கரண்டே வா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது. மெஷின் ஓட ஆரம்பித்தது. நடையில் சிவப்பு எரிந்தது, மஞ்சள் எரிந்தது, நான் அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து முடிக்குமுன் மூன்றும் பச்சை.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். "இன்னைக்கு ஷட்டவுன்லாம்மா? பேட்டரி தாங்குச்சா? பச்சையா?" என்றாய். கட்டிலிலிருந்து அவர் கையைத் தூக்கினார், சொல்லாதே என்று. நான் பச்சைப்பா என்றேன். பொய் சொல்லவில்லை. பச்சைதான் எரிந்தது. நீ போனை வைத்த பிறகு அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். முழுப் பூசணிக்காயை எம்புட்டு நாளைக்குச் சோற்றில் மறைப்பீர்கள் என்றேன். "அவன் அங்க கரண்டுக்குள்ள கைய விட்டு வேல பாக்கவன்ட்டி. மனசு இங்க கெடந்தா கை தப்பிரும்" என்றார். அதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பேட்டரிக் கடைத் தம்பியைக் கூட்டிவந்தேன். அவன்தான் தொங்குகிற ஒயரைக் கண்டுபிடித்துத் திரும்ப ஒட்டினான். "குறையாவே ஏத்தி ஏத்தி உள்ள தகடெல்லாம் உப்பாப் படிஞ்சு கெட்டியாயிருச்சுக்கா. வாங்குததுக்கு எடமில்ல. எடமில்லாததுனால சட்டுன்னு பச்சை வந்திருது" என்றான். நீ விட்டுப்போன மீட்டரை வைத்துக் காட்டினேன், வோல்ட் சரியாகத்தானே தம்பி காட்டுது என்றேன். "சும்மா இருக்கையில எல்லாம் நல்லாத்தான்க்கா காட்டும். வேல குடுத்தாத்தான் யோக்கியதை தெரியும்" என்றான். நான் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தேன். விரலில் தொண்ணூற்று நாலு. கட்டிலில் சும்மா படுத்திருந்தார். அன்று காலையில் குளியலறைக்கு நாலு எட்டு வைத்துத் திரும்புவதற்குள் அவர் பட்ட அவஸ்தை எனக்குத் தெரியும். இப்போது ஒரு கவளம் சோறு உள்ளே போனதும் வயிறு நிறைஞ்சிருச்சு, போதும் என்கிறார். சாப்பிட மூச்சு இல்லை.

நீ சொன்ன பட்டனையும் அழுத்திப் பார்த்தோம். அப்பாவையும் மெஷினையும் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டு, கதவு ஜன்னலெல்லாம் திறந்து, அந்தத் தம்பி தண்ணீர் அளவு பார்த்துப் பார்த்துக் கொதிக்க விட்டான். எனக்கு எம்புட்டு ஆசை! குளுகுளுவென்று கேட்ட சத்தமே நல்ல சகுனமாகத் தெரிந்தது. முடிவில் ஒரு பேட்டரி கொஞ்சம் எழுந்தது, மற்ற இரண்டும் அசையவில்லை. "ஆரம்பத்துலயே பாத்திருந்தா கரைஞ்சிருக்கும்க்கா. இப்ப கல்லாயிருச்சு" என்றான். அதை அப்படியே உன் அப்பாவிடமும் சொன்னேன். புதுசுக்குச் சொல்லிவிட்டேன், இந்த வாரம் வந்துவிடும், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. பேட்டரிக்கு மாற்று உண்டு.

அதற்கு அடுத்த வாரம் மதுரைக்குப் போனோமே, சும்மா செக்கப் என்று உன்னிடம் சொன்னோமே, அது செக்கப் இல்லை. முகத்தை இறுக்குகிற முகமூடியை மாட்டி, பெரிய மெஷினில் சில நாள் வைத்துப் பார்த்தார்கள். உடம்பு கொஞ்சம் எழுந்தது. வீட்டுக்கு வந்ததும் பழையபடி இறங்கிவிட்டது. அங்கிருந்து கிளம்புகிற அன்றைக்கே டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டிருந்தேன். நல்ல மனிதர், என்னை உட்கார வைத்துச் சொன்னார். "பஞ்சு போய்ப் படிஞ்ச நுரையீரல்ம்மா. இனி ஏத்தி நிறுத்த முடியாது. எம்புட்டு நாள்னு நான் சொல்ல மாட்டேன். பையனை வரச் சொல்லுங்க." சிலிண்டரோடு பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அப்பா வெளியே பார்த்துக்கொண்டே, "என்னட்டி, கல்லாயிருச்சுன்னாரா?" என்றார். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அழ வேண்டியவர் அவர், ஆறுதல் சொன்னதும் அவர்.

உனக்கு அறிவுரை சொல்லுகிற நிலையில் நான் இல்லை. ஆனால் பெற்றவள் வாய் சும்மா இருக்காது. நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் வரும். வருகிறவளிடம் எல்லாம் சரியா என்று கேட்காதே. சரி என்றுதான் சொல்லுவாள், என்னைப் போல. பக்கத்தில் போய் உட்கார், அவள் ஒரு குடம் தண்ணீர் தூக்கிவருகிறதைப் பார், அப்போது தெரியும். தூரத்திலிருந்து கேட்கிற கேள்விக்குத் தூரத்துப் பதில்தான் கிடைக்கும். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நாங்களும் உனக்கு அந்தப் பதிலைத்தானே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சிலிண்டர் நிரம்பிவிட்டது என்று ஆள் வந்து கூப்பிடுகிறான். மீதியை வீட்டில் வைத்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். அத்தை மாவு அரைக்கப் போயிருக்கிறாள். முதலாளியம்மா கொடுத்த பால்கோவாவில் ஒரு துளி எடுத்து உன் அப்பா நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "சூடா இருக்கு" என்றார். ஆறிப்போய் எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது, இருந்தாலும் ஆமாம் என்றேன். நீ சித்திரையில் ஒப்பந்தம் முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாய். சித்திரைவரை இவர் இருக்கமாட்டார், ராசா. இதைப் போனில் சொல்ல என்னால் முடிந்திருக்காது. தையைத் தாண்டுவாரா என்றே எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வந்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏதோ கொண்டுவந்து மாட்டிப் பிழைக்க வைத்துவிடலாம் என்று ஓடி வராதே. பெட்டி ஒன்றும் கொண்டுவர வேண்டாம். பங்குனியில் நீ உட்காராமல் எழுந்து போன இடம் அப்படியே காலியாக இருக்கிறது, அதில் வந்து உட்கார். அவருக்குப் பேச மூச்சு இருக்கும்போதே உட்கார். கை தப்பும் என்று அவர் பயப்படுகிறார். அதனால் இதைப் படித்த பிறகு அங்கே ஒரு ஒயரையும் தொடாதே, அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பு.

நான் எழுதுகிறதை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இப்போதுதான் கேட்டார்.

"அவனுக்குத்தானட்டி எழுதுத?"

"ஆமா."

"பச்சைன்னு எழுதிரு."

"எழுதிட்டேன்" என்றேன். திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

நடையில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சார்ஜரில் அவர் வைத்த குங்குமம் இன்னும் அழியவில்லை. மூன்று விளக்கும் பச்சையாகத்தான் எரிகின்றன. நீ கிளம்பி வா.

அம்மா